லைக்கனுக்கு யார் சொந்தம்?

அன்று ஆய்வகத்தில் இருந்தவர்கள் நால்வர்: ஓய்வு பெற்ற பேராசிரியர், அங்கே தற்காலிக வேலையில் இருந்த அவர் மகள், டி.என்.ஏ. இயந்திரத்தை இயக்கும் மருமகன், மகளின் வேலையை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க வந்த வெளியூர் அம்மையார்.

திரையில் முடிவு வந்தது. அதைப் படித்த மகள் கணினியைச் சட்டென்று மூடினாள்.

“என்னம்மா, மூடிட்டே?” என்றார் பேராசிரியர்.

மலைப்பாறையில் பாசிக்கு நடுவே அவர் கண்டெடுத்த லைக்கன் அது. பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து ஓருடலாக வாழும் உயிர். அந்தப் பூஞ்சைக்கு யார் யார் சொந்தம் என்பதை டி.என்.ஏ. பார்கோடு சொல்லிவிடும். இதுவரை யாரும் அறியாத வம்சம் என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

மாதிரியைக்கூட வேறு யாரையும் தொடவிடவில்லை. அவரே மூக்கு இடிக்கக் குனிந்து சுரண்டிக் குழாயில் இட்டார். மகள் நீட்டிய தலையுறையைத் தள்ளிவிட்டார். “பாறை மேல படுத்துப் பாத்தவன்டி நான். எனக்கு எதுக்கு இந்தக் குல்லா?”

“லைக்கனே இல்லப்பா. வேற ஏதோ பூஞ்சைன்னு வருது” என்றாள் மகள், தரையைப் பார்த்தபடி. “நான்தான் குழாயை மாத்தி வெச்சுட்டேன் போல.”

“மாதிரி மிச்சம் இருக்கா?” என்றார் அம்மையார்.

“இல்லீங்க. இருந்ததே நகக்கண் அளவுதான்” என்றாள் மகள்.

பேராசிரியரின் முகம் செத்துவிட்டது. “நம்ம குடும்பத்துல இப்படி ஒரு அஜாக்கிரதையான பிள்ளை பொறந்ததே இல்ல. வந்தவங்க முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே!”

அம்மையார் எழுந்தார். “இவ்வளவு கவனக்குறைவுன்னா நிரந்தரம் பண்றது கஷ்டம்மா.”

மகள் கணினியை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

நடைக்கூடத்தில் மருமகன் அவளை மறித்தான். “குழாயை இயந்திரத்துல வெச்சவன் நான். எதுவும் மாறலையே! நிரந்தரமாக வேண்டிய வேலையைத் தொலைச்சுட்டு நிக்கிறியே, பைத்தியமா உனக்கு?”

மகள் குழாயை மாற்றிவிட்டாள் என்றுதான் இன்றும் உறவினர் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அன்று அவள் கணவனிடம் சொன்னது இதுதான்:

“வந்தது மனுஷத் தலையில வளர்ற பூஞ்சைங்க. அப்பாவோட பொடுகு.”