இடப்பக்கத்து மழை

மழை வலப்பக்கம் தொடங்கியது.

அவர் வலப்பக்கம் திரும்பித் தலையாட்டினார். அது சுலபம்.

பிறகு மழை தேய்ந்து, எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது.

தூரத்துக்குப் போகவில்லை என்று அவருக்குத் தெரியும். அறைக்குள்தான், இடப்பக்கம் போயிருக்கிறது. போன ஆடியிலிருந்து அவருடைய இடது காதில் எதுவும் விழுவதில்லை.

கடைக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். தவமணி மெல்ல இடப்பக்கம் திரும்பினாள். அவரும் திரும்பினார்.

"பிரமாதம்" என்றார்.

கடைக்கார ரிஸ்வானுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கண்ணாடிக் கதவைச் சாத்தி, குளிர் ஏற்றி, நடுவில் ஒரு சோபா போட்டு, சுற்றிலும் ஸ்பீக்கர் நிறுத்தியிருந்த அறை அது. இதில் வந்து உட்கார்ந்து, ஸ்பீக்கரில் ஓடும் இந்த மழையைக் கேட்டவர்கள் வாங்காமல் போவது அபூர்வம்.

"முன்னாடி நிக்கிற மூணும் ஒரே செட்டா இருக்கணும் சார். இல்லன்னா ஒரே ஆள் குரல் அந்தப் பக்கம் ஒரு மாதிரி, இந்தப் பக்கம் ஒரு மாதிரி கேக்கும். அதுக்குத் தோதா ரிசீவர், எல்லா ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரிச்சு அனுப்பற பெட்டி."

அவர் மறுபடியும் தலையாட்டினார். தலையாட்டுவதில் இப்போது அவரை மிஞ்ச ஆளில்லை.

திருச்சியில் பாதி சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். காது போனது ஒருவருக்கும் தெரியாது. கல்யாண வீட்டில் ஓர ஆளாக, சுவருக்கு இடது தோளைக் கொடுத்து உட்கார்ந்துவிடுவார். யார் கூப்பிட்டாலும் முழு உடம்பையும் திருப்புவார். கழுத்து வலி என்று சொல்லி வைத்திருந்தார்.

தவமணியிடமும் அதே கழுத்து வலியைத்தான் சொல்லியிருந்தார். தைலம் தேய்த்துவிடுகிறாள், பாவம்.

வெட்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. பயம்.

அவருடைய அண்ணனுக்கு இரண்டு காதும் போயிற்று. அந்த வீட்டில் யாரும் அவரிடம் கோபமாக இல்லை. நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒவ்வொன்றையும் கத்திச் சொல்ல வேண்டியிருப்பதால், முக்கியமானதை மட்டும் சொல்கிறார்கள். மாத்திரை. சாப்பாடு. தூங்குங்க.

தவமணி முக்கியமானதைப் பேசி அவர் கேட்டதே இல்லை. எதிர்வீட்டுக்காரி கோலத்தில் புள்ளி தப்பியது, காய்கறிக்காரர் மீசையை எடுத்துவிட்டது, சீரியலில் மாமியார் கட்டிய சேலை. எல்லாம் தணிந்த குரலில், பக்கத்தில் உட்கார்ந்து.

கத்திச் சொல்ல வேண்டும் என்றால் அதில் ஒன்றையாவது சொல்வாளா?

அந்தப் பேச்சு இல்லாமல் அவரால் இருக்க முடியாது.

"இப்ப ரெண்டாவது செட் போடறேன் சார். எது நல்லாருக்குன்னு நீங்கதான் சொல்லணும்."

மறுபடியும் மழை. மறுபடியும் அவள் முகம்.

இந்த முறை அவள் திரும்பவில்லை. மடியில் இருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழை எந்தப் பக்கம் இருக்கிறது?

அவர் காத்திருந்தார். ரிஸ்வான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது ஒரு பக்கம் திரும்ப வேண்டும். இடப்பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"சார், இன்னும் இடது பக்க ஸ்பீக்கரே ஆன் பண்ணலையே!"

அறையில் குளிர் திடீரென்று அதிகமானது போலிருந்தது.

தவமணி கைப்பையை மூடினாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். ஒரு பக்கம் மட்டுமே கேட்டாலும் முழுசாக் கேக்கற மாதிரி இதுல வழி இருக்கா?"

"இருக்கும்மா. ரிசீவர்ல மாத்திட்டா எல்லா ஸ்பீக்கர்லயும் எல்லாச் சத்தமும் வரும். எதுவும் விட்டுப்போகாது. ஆனா இந்த மழை சுத்தி வர்றதெல்லாம் இருக்காது. யாருக்கும்மா?"

அவர் சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத்தான். இடது காது கொஞ்ச நாளா மந்தம்" என்றாள் தவமணி.

நாலு வீடு தள்ளிக் குக்கர் கூவினால், இது மூன்றாவது விசில் என்று சொல்கிறவள்.

போன மாதம் தியேட்டரில் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு அவர் சிரித்தார். வீட்டுக்கு வரும் வழியில் அவள், அந்தத் தியேட்டரில் சத்தமே சரியில்லை, வீட்டிலேயே ஒன்று வாங்கிவிடலாம் என்றாள். தப்பித்தோம் என்று நினைத்திருந்தார்.

கல்யாண வீடுகளில் சுவரோரம் இடம் பிடித்து வைத்தது யார் என்று இப்போதுதான் யோசித்தார். இந்தச் சோபாவில்கூட, கொஞ்சம் தள்ளுங்க என்று அவரை நகர்த்திவிட்டு, அவருக்கு வலப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள்.

கழுத்துக்குத் தைலம் வேறு.

"அப்படியாம்மா! கவலைப்படாதீங்க! செட் பண்ணிக் குடுத்துடறேன்!"

ரிஸ்வான் கத்தினார். நல்ல மனுஷன். ரிசீவரைப் பற்றி மிச்சம் இருந்ததை அவளுக்குக் கத்திக் கத்தியே சொன்னார், கையை வேறு ஆட்டி. கத்த வேண்டியிருந்ததால், சொல்ல இருந்ததில் பாதியைச் சுருக்கிவிட்டார்.

அவள் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகத் தலையாட்டினாள்.

அவர் சோபாவிலிருந்து முன்னால் சாய்ந்தார். நான்தான், எனக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தார்.

ரிஸ்வான் பில் போட வெளியே போனார்.

அவள் அவர் பக்கம் சாய்ந்தாள். எப்போதும் போலத் தணிந்த குரலில் சொன்னாள்.

"அந்தத் தம்பி சட்டைல பட்டன் மாத்திப் போட்டிருக்கு. பாத்தீங்களா?"

கண்ணாடிக் கதவு வழியே பார்த்தார். மாறித்தான் இருந்தது.

சொல்ல வந்ததை விட்டுவிட்டு, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்புறம்?" என்றார்.