வீட்டில் மட்டும் நூற்றுக்கு நூறு

“மிங்ஷியா அப்பா, மறைக்காம சொல்லுங்க. இந்தக் கையெழுத்தை நோட்டைப் பார்த்துட்டுப் போட்டீங்களா, பார்க்காமலே போட்டீங்களா?”

ஜின் டீச்சர் இங்கிலீஷ் நோட்டை மேசைமேல் விரித்துப் போட்டார். எதிரே நின்றவர் லோ செங்ஹாய், வெளிநாட்டு வியாபாரிகள் வந்து போகிற சீனாவின் யீவூ சந்தையில் பொத்தான் கடை வைத்திருப்பவர். கூப்பிட்ட குரலுக்குக் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். பக்கத்தில் மகள் மிங்ஷியா. ஏழாம் வகுப்பு. தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பார்த்துட்டுத்தான் டீச்சர் போட்டேன். தினமும்.”

தினமும் வீட்டில் பெற்றோர் இருபது வார்த்தை வாசிக்க வேண்டும், பிள்ளை எழுத வேண்டும், பெற்றோர் திருத்திக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு பிள்ளை ஒரு பத்தியைச் சத்தமாகப் படிக்க, அதற்கும் ஒரு கையெழுத்து. முப்பது வருஷ சர்வீஸில் ஜின் டீச்சர் பார்க்காத கையெழுத்தா? மாஜாங் ஆட்டத்துக்கு நடுவே போட்டது, அரைத் தூக்கத்தில் போட்டது எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு புண்ணியவான் கையெழுத்தோடு நூடுல்ஸ் சூப்பையும் சேர்த்துச் சொட்டவிட்டிருந்தார்.

“வீட்டுல தினம் நூத்துக்கு நூறு. வகுப்புப் பரீட்சையில மூணு மாசமா நாப்பது. இது எந்த ஊர் நியாயம்?”

“எனக்கும் புரியலை டீச்சர். வீட்டுல அவ தப்பே பண்றதில்லை.”

“தொண்ணூறுக்கு மேல வாங்கின பிள்ளைங்க வீட்டுல இந்த டிக்டேஷனே வேண்டாம்னு விட்டுட்டேன். பாதி வகுப்பு நிம்மதியா இருக்கு. உங்களுக்கு அந்த நிம்மதி வேண்டாமா?”

“எனக்கு இதுல ஒரு கஷ்டமும் இல்லை.”

“கஷ்டம் இனிமேதான் வரும். இந்த வருஷம் புது ஏற்பாடு. வெள்ளிக்கிழமை பரீட்சையில அறுபதுக்குக் கீழ வாங்கினா, பின்தங்கின வகுப்புக்கு மாத்திடுவாங்க. அப்புறம் நல்ல ஹைஸ்கூலை இவ வாசல்ல நின்னு பார்த்துட்டு வர வேண்டியதுதான்.”

லோவின் முகம் சுண்டிப்போயிற்று. மிங்ஷியா முதல்முறையாகத் தலையைத் தூக்கினாள்.

“சரி,” என்றார் டீச்சர். “வீட்டுல நடத்துற மாதிரி இப்ப என் கண்ணு முன்னால நடத்துங்க. பார்ப்போம்.”

லோ புத்தகத்தைத் திறந்தார். ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தைக்கு மேலேயும், அதன் உச்சரிப்பைச் சீன எழுத்தில் பொடிப்பொடியாக எழுதி வைத்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

ஒரு வார்த்தை பீங்கான் உடைகிற மாதிரி விழுந்தது. அடுத்தது வாத்தை விரட்டுகிற மாதிரி. பக்கத்து மேசைக் கணக்கு வாத்தியார் டீ டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அந்த இருபதில் பதினெட்டு எந்த வார்த்தை என்று ஜின் டீச்சருக்கே பிடிபடவில்லை.

மிங்ஷியா மட்டும் மழை பெய்கிற வேகத்தில் எழுதிக்கொண்டே போனாள். இருபதும் சரி.

டீச்சருக்கு ஆறவில்லை. தானே புத்தகத்தை வாங்கி, இன்னும் நடத்தாத பாடத்திலிருந்து ஐந்து வார்த்தை கேட்டார். ஐந்தும் சரி. ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னார். ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி படித்து முடித்தாள்.

அந்த நேரம் பார்த்து லோவின் போன் அடித்தது. “துருக்கிக்காரர். பெரிய வாடிக்கை. ஒரே நிமிஷம் டீச்சர்,” என்று வராந்தாவுக்கு ஓடினார்.

ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்டது. அதே பீங்கான், அதே வாத்து. ஆனால் இங்கிலீஷ். உற்றுக் கேட்ட பிறகுதான் டீச்சருக்கு அர்த்தமாயிற்று. மனிதர் பொத்தானைப் பற்றி இன்னும் பேச்செடுக்கவில்லை. ‘உங்கள் குழந்தைக்கு ஜுரம் விட்டதா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“உங்க அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியுமா?”

“தெரியாது டீச்சர். இருபது வருஷமா வெளிநாட்டுக்காரங்க வந்தா கால்குலேட்டரைத் தட்டித் தட்டித்தான் பேசுவார். இப்பதான் மூணு மாசமா...”

மிங்ஷியா வராந்தாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பையிலிருந்து இன்னொரு நோட்டை எடுத்து நீட்டினாள்.

உள்ளே பெரிய பெரிய எழுத்தில் இங்கிலீஷ் வார்த்தைகள், நசுங்கிய பொத்தான்கள் போல. பக்கம் முழுக்கச் சிவப்பு மை. இருபதுக்கு மூன்று, இருபதுக்கு ஐந்து. நேற்று ஏழு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், ‘வாசித்தேன், திருத்தினேன் – லோ மிங்ஷியா.’

“என் டிக்டேஷன் பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும் டீச்சர். அப்புறம் அவருக்கு நான் வாசிப்பேன். ‘உனக்குத் துணையாத்தான் எழுதுறேன்’னு சொல்லிக்கிட்டே எழுதுவார். தனக்காகப் படிக்கிறார்னு தெரிஞ்சா வெக்கப்பட்டு நோட்டை மூடிடுவார்.”

டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அதுக்காக, வீட்டு டிக்டேஷன் நின்னுடக் கூடாதுன்னு, வேணும்னே நாப்பது வாங்கினியா? வகுப்பை மாத்திட்டா என்னடி பண்ணுவே?”

“அறுபதுல ஒரு கோடு இருக்குன்னு இன்னிக்குத்தானே டீச்சர் சொன்னீங்க. வெள்ளிக்கிழமை சரியா அறுபது எடுத்துடறேன்.”

“அப்ப தொண்ணூறு?”

மிங்ஷியா அப்பாவின் நோட்டை வாங்கிப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“அவர் எடுத்ததுக்கு மறுநாள் நானும் எடுத்துடறேன் டீச்சர். அதுவரைக்கும் தயவுசெஞ்சு என்னைத் திட்டிக்கிட்டே இருங்க.”