கிடா பார்த்து வைத்த சங்கு

கடல் வற்றியிருந்த காலையில் ஒரு கிடா ஈரமணலில் நடந்து, எதிரே இருந்த தீவுக்கு மேயப் போனது. புதைமணலைச் சுற்றித் திரும்பும் இடத்தில் ஒரு வெள்ளைச் சங்கு கிடந்தது. திரும்பி வர அடையாளமாக அதை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டது.

சாயங்காலம் தண்ணீர் ஏறியது. கிடா அவசரமாக மணலில் இறங்கினால், அதே சங்கு அதன் காலடியில் கிடந்தது.

"நீ எப்படி இங்கே வந்தே?"

சங்குக்குள் குடியிருந்த நண்டு எட்டிப் பார்த்தது. "நீங்க நடந்த தோரணையைப் பார்த்து, வழி தெரிஞ்சவர்னு பின்னாலேயே வந்துட்டேங்க. இனி எந்தப் பக்கம் போகணும்?"

வந்த தடமெல்லாம் தண்ணீருக்குள் போயிருந்தது. கிடா தாடியைச் சிலுப்பியது. "போறதா? நான் தங்கத்தானே வந்தேன்!"

"நானும் அப்பவே நினைச்சேங்க" என்றது நண்டு.