பித்தளை பிரிட்ஜ்

"ஒண்ணு மேடையில அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும். நீங்களே முடிவு பண்ணுங்கண்ணா!"

மாரண்டஹள்ளி கல்யாண மண்டபத்தில் ரிசப்ஷன் கச்சேரி பாதிதான் முடிந்திருந்தது. அதற்குள் மேடைக்குப் பின்னால் பாடகி சோபனா கொதித்துக்கொண்டிருந்தாள்.

ஆர்க்கெஸ்ட்ரா நடத்துகிற ராஜாமணிக்குத் தலை சுற்றியது.

"ஜாவீத் அப்படி என்னம்மா பண்ணிட்டான்?"

"என்ன பண்ணலை? நான் ஒரு வரி பாடி முடிச்சாலும் அவன் பேஸ் கிட்டார் முடிக்க மாட்டேங்குது. ஊம்ம்னு இழுத்துக்கிட்டே கெடக்குது. பாடறது நானா, அவனா?"

"முன்னெல்லாம் அப்படி இழுக்காதே!"

"எப்படி இழுக்கும்? கம்பியத் தாங்கற பிரிட்ஜு தகரமா இருந்துச்சு. அதைக் கழட்டிட்டு, லேத்துல குடுத்து பித்தளையில கனமா செஞ்சு மாட்டியிருக்கான். வேணும்னே பண்றாண்ணா! எனக்கு நிமோனியா வந்தப்ப, இவ பாட்டு இனி அவ்வளவுதான்னு எல்லாரும் பேசுனாங்க. நீங்ககூட எனக்குப் பதிலா ஐஸ்வர்யாவப் பாட வெச்சீங்க. இப்ப மறுபடி எனக்குக் கைத்தட்டறாங்க இல்ல, அது அவனுக்குப் பொறுக்கலை."

ராஜாமணி ஜாவீத்தைக் கூப்பிட்டார்.

"எதுக்குடா பிரிட்ஜை மாத்துன?"

"சத்தம் ரொம்ப நேரம் நிக்கும்ணா. டோனும் நல்லாருக்கு."

"யாருடா கேட்டா? அடுத்த கச்சேரிக்குப் பழசையே மாட்டிட்டு வா."

"மாட்ட மாட்டேங்ணா."

ராஜாமணிக்குச் சுர்ரென்று ஏறியது. மீசை முளைச்சு நாலு நாள் ஆகலை, என்ன திமிரு!

"அப்ப கீழ எறங்கு. நீ இல்லாமயே நான் நடத்திக்கறேன்!"

ஜாவீத் மேடைக்குப் போய் ஒயரைப் பிடுங்கிக்கொண்டு, கிட்டாரோடு கீழே இறங்கி மேடையோரம் நின்றான்.

"இப்பக் கேளுங்கண்ணா, எப்படி இருக்குன்னு" என்றபடி சோபனா மைக்கைப் பிடித்தாள்.

மெதுவான பாட்டு. பல்லவியின் கடைசிச் சொல்லை நீட்டினாள். பாதியிலேயே குரல் நின்றுபோனது.

மூச்சை இழுத்துவிட்டு மறுபடி பாடினாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. வரிக்கு வரி அப்படித்தான். பந்திக்கு எழுந்தவர்கள்கூட என்னமோ ஏதோ என்று திரும்பிப் பார்த்தார்கள்.

சற்று முன்பு வரைக்கும் இந்த மாதிரி இடங்களில் எல்லாம் கேட்டது சோபனாவின் குரல் இல்லை, ஜாவீத்தின் பேஸ் என்பது ராஜாமணிக்கு இப்போதுதான் உறைத்தது. சோபனாவுக்கும் உறைத்திருக்க வேண்டும். பாடிக்கொண்டே, கலங்கிய கண்ணோடு ஜாவீத்தைத் தேடினாள்.

அவன் அதற்குள் மேடையேறி ஒயரைச் சொருகிக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி!" ராஜாமணி அவன் காதருகே சீறினார். "நான் கேட்டப்பவே சொல்லித் தொலைக்கறதுக்கு என்னடா கேடு?"

ஜாவீத் அவரை முறைத்தான்.

"அக்காவுக்கு மூச்சு பத்தலைன்னு சொல்லியிருந்தா, இன்னைக்கு அந்த மைக்கை அவங்க கையில குடுத்திருப்பீங்களாண்ணா?"