ஒனெஸ்தா எழுதிய பாவங்கள்

“உயிர்த்தெழுந்த ஆண்டவர் முதல்ல ஒரு பொம்பளகிட்டதானே சேதி சொல்லி அனுப்பினாரு? அப்புறம் பொம்பளைங்க ஏன் போதிக்கக் கூடாது?”

ஏழு வயதில் ஒனெஸ்தா கேட்ட கேள்வி இது. இத்தாலியின் சியேனா நகர மடத்தில் கன்னியாஸ்திரியான பிறகு, அதற்கு விடையாக ஒரு புத்தகமே எழுதினாள். கன்னியாஸ்திரிகள் தங்கள் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க வரும் தத்தேயோ சாமியார் அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டார்.

“இனிமே உன் பாவத்தைத் தவிர வேற எதையும் எழுதக் கூடாது.”

“சரிங்க சாமி.”

மறுவாரம் பாவசங்கீர்த்தனத்தின்போது, இருவருக்கும் நடுவே இருந்த கிராதிக் கம்பிகளின் வழியே நாற்பது தாள்களை நீட்டினாள்.

“எம்மாடி, இவ்வளவு பாவமா?”

“இன்னும் இருக்குங்க சாமி.”

சாமியார் படித்தார்: ‘திங்கட்கிழமை, பெண்களும் போதிக்கலாம் என்று நினைத்துப் பாவம் செய்தேன். அப்படி நினைத்ததற்குக் காரணங்கள் ஏழு...’

இதையும் எரித்துவிடுவாரோ என்று ஒனெஸ்தா ஜெபமாலையை உருட்டினாள்.

கடைசித் தாள்வரை படித்துவிட்டுச் சாமியார் குரலைத் தாழ்த்தினார்.

“அஞ்சாவது காரணத்துக்கு வேத ஆதாரம் பத்தலம்மா. அந்தப் பாவத்தை மட்டும் இன்னொரு தடவை நல்லா பண்ணிட்டு வா.”