டீ எடுத்துக்கோங்க

“இன்னைக்கும் நீ வாயைத் திறக்கலைன்னா, வெனிங், நான் சுரபாயாவுக்கு உங்கண்ணன் வீட்டோட போயிடுவேன். அப்புறம் நீயும் இந்தச் சுவரும் எதிரும் புதிருமா உக்காந்திருங்க!”

தார்மினியம்மா மகளிடம் சொல்லிக்கொண்டே, வறுத்த வாழைப்பழங்களைத் தட்டில் அடுக்கினாள்.

“ரெண்டே வார்த்தைடீ. ‘டீ எடுத்துக்கோங்க.’ இது கூடவா வராது?”

வெனிங்குக்கு வராது. மூன்று பேர் பெண் பார்க்க வந்து திரும்பிப் போனதும் அதனால்தான். ஜாவாவில் எங்கள் ஸோலோ நகரத்தில் டீயைக் கொண்டுவந்து வைத்தால் மட்டும் போதாது. ‘எடுத்துக்கோங்க’ என்று சொல்கிறவரை விருந்தாளி கோப்பையைத் தொடமாட்டார். மூவரும் ஆறிப்போகும் டீயைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்கள். ‘உங்க பொண்ணுக்கு எங்களைப் பிடிக்கல போல’ என்று மறுநாள் சேதி வந்தது.

பிடிக்காமல் இல்லை. இருபத்தொன்பது வயதாகியும் புது ஆளைக் கண்டால் அவளுக்குப் பேச்சு வராது. தெருவில் யாரோ யாரையோ திட்டினால் இவள் ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். புதுச் சட்டையின் கழுத்தில் கம்பெனிப் பெயர் போட்டுத் தைத்த துணிச்சீட்டு உறுத்தினால் அன்றைய பொழுதே போச்சு. நூலகத்தின் பின்னறையில் தனியாக உட்கார்ந்து புத்தகங்களுக்கு அட்டை போடுகிற வேலைதான் அவளுக்குச் சொர்க்கம்.

“இப்ப வர்றவர் எப்படிம்மா?”

“உனக்கு வரன் பாக்குறாளே, அந்த மார்னியம்மாவோட அக்கா பையன். நல்லா கலகலன்னு பேசுவானாம். நாலு தெரு தள்ளி இருந்தாலும் அவன் சிரிப்பு கேக்குமாம்.”

வெனிங்குக்கு அப்போதே காது அடைத்தது.

“மூஞ்சியை அப்படி வச்சுக்காதே. மார்னியம்மா கண்டிப்பா சொல்லிட்டா, இதுதான் கடைசி. இதுக்கு மேல அவளால யார்கிட்டயும் உன்னைப் பத்திப் பேச முடியாதாம்.”

நான்கு மணிக்கு வருவதாகச் சேதி; மூன்றரைக்கே ஒருவர் வந்து நின்றார். பூ அச்சுப் போட்ட பாத்திக் சட்டை, படிய வாரிய தலை, தோளில் ஒரு பை. அழைப்பு மணியை அழுத்தலாமா வேண்டாமா என்று விரலை நீட்டியும் மடக்கியும் கேட்டருகே நின்றவரை, தார்மினியம்மா ஓடிப்போய் உள்ளே இழுத்துவந்தாள்.

“வாங்க தம்பி, வாங்க! என்ன கூச்சம்? நம்ம வீடு மாதிரி நினைச்சுக்கோங்க. மார்னியம்மா உங்களைப் பத்திச் சொல்லாத நாளில்லை!”

“வந்து... நான்...”

“தெரியுமே! வழியில வெயில் ஜாஸ்தியா இருந்திருக்கும்.”

“ஆமாங்க.”

“அம்மா, அப்பா சௌக்கியமா?”

“சௌக்கியங்க. ஆனா நான்...”

“டீயில சர்க்கரை போடலாமில்ல?”

“போடலாங்க.”

டீ வந்தது. வெனிங் கோப்பையை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். “நீங்க பேசிக்கிட்டிருங்க” என்று சொல்லி, மகளைப் பார்த்து ஒரு முறை முறைத்துவிட்டு, தார்மினியம்மா அடுக்களைக்குப் போனாள்.

அவர் தரையைப் பார்த்தார். இவள் டீயைப் பார்த்தாள். ஆவி அடங்கிக்கொண்டிருந்தது.

‘நாலு தெருவுக்குக் கேக்கிற சிரிப்பு எங்கே போச்சு?’ என்று வெனிங் நினைத்தபோது, பக்கத்து வீட்டில் ஒலிபெருக்கியில் பாட்டை அலறவிட்டார்கள். அவள் திடுக்கிட்டாள். அதே நொடியில் அவரும் திடுக்கிட்டார். அவள் முகத்தைப் பார்த்தவர், ஒன்றும் கேட்காமல் எழுந்துபோய் ஜன்னல் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கழுத்துப் பட்டையை ஒரு விரலால் இழுத்துவிட்டுக்கொண்டார்.

“துணிச்சீட்டு உறுத்துதா?”

கேட்டது தன் வாய்தானா என்று வெனிங்குக்கே சந்தேகமாகிவிட்டது.

“ஆமாங்க. வெட்டி எடுத்தாலும் அந்தத் தையல் உறுத்தும்.”

“பிரிச்சு எடுக்கணும். பிளேடு வேண்டாம், சின்ன ஊசி போதும்.”

“அப்படியா! இத்தனை வருஷமா எனக்கு இது தெரியாது.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நாலு தெருவுக்கு அல்ல, அந்த மேசை வரைக்கும் கேட்கிற சிரிப்பு. வெனிங் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“டீ... எடுத்துக்கோங்க.”

அடுக்களையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது. அவர் ஆறிப்போன டீயைத் தேன் போலக் குடித்தார். குடித்து முடித்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உங்கம்மாகிட்டயே சொல்லியிருக்கணும். பெரியவங்க முகத்துக்கு நேரா ‘இல்லை’ன்னு எனக்கு...”

வாசலில் கார் ஹாரன் மூன்று முறை அடித்தது. “வீட்ல யாரும் இல்லையா? மார்னிச் சித்தி அனுப்பிச்சாங்க! மணி நாலாச்சு, கரெக்டா வந்துட்டேன் பாருங்க!” என்ற குரலைத் தொடர்ந்து வந்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

வெனிங் வாசலைப் பார்த்தாள். எதிரே இருந்தவரைப் பார்த்தாள்.

அவர் எழுந்து, காது மடல் வரை சிவந்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டார். “வெள்ளிக்கிழமைன்னா எங்க ஆபீஸ்ல யூனிஃபார்ம் கிடையாது, பாத்திக்தான். நான் உங்க வீட்டுத் தண்ணி மீட்டர் பாக்க வந்தேங்க. மன்னிச்சிடுங்க.”

இன்னொரு ஹாரன் அடித்தது. வெனிங் முன்கதவைத் தாழிட்டுவிட்டு வந்து, அவர் கண்களை நேராகப் பார்த்துக் கேட்டாள்:

“மீட்டர் பின்பக்கம் இருக்கு, வாங்க. அதை மாசத்துக்கு ஒரு தடவைதான் பாக்கணுமா?”