மூக்கு ஏன் இவ்வளவு பெருசு?

“அது கழுகுதானே?” என்று கேட்டார் அந்தப் பெண்மணி.

மேகக் காட்டு விடுதியிலிருந்து பறவை பார்க்கக் கிளம்பியிருந்த மற்ற விருந்தாளிகள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

வழிகாட்டி வேலைக்குப் புதிது. கிளம்பும்போது வணக்கம் சொன்னதோடு சரி. கையைக் காட்டுவதும் நடப்பதுமாக இருந்தார். விடுதி மேனேஜர் வேறு பின்னாலேயே கவனித்துக்கொண்டு வந்தார்.

“கழுகு இல்லை மேடம். இருவாச்சி,” என்றார் வழிகாட்டி மெதுவாக.

“மூக்கு ஏன் இவ்வளவு பெருசு?”

“பழம் பறிக்க. மேலே கொம்பு மாதிரி இருக்கே, அது உள்ளே வெறும் கூடு. கனமே இருக்காது.”

விருந்தாளிகளில் ஒருவரான பாங்க் ஆபீசர் தன் மனைவியின் காதைக் கடித்தார். “இந்தம்மா நம்மைப் பறவை பார்க்க விடமாட்டாங்க போல.”

பெண்மணி விடுவதாக இல்லை. “மரப்பொந்துல போய் எதையோ துப்புதே?”

“துப்பலை மேடம், ஊட்டுது. உள்ளே பொண்டாட்டி முட்டையோட அடைஞ்சு கிடக்கு. வாசலைப் பூசி மூடிட்டு, அலகு நீட்ட மட்டும் ஒரு கீறல் விட்டிருக்கு. குஞ்சு பெருசாகிற வரைக்கும் இவன்தான் சோறு கொண்டு வரணும்.”

“ஒருநாள் இவன் வரலைன்னா?”

வழிகாட்டி பொந்தையே பார்த்தார். “அதுக்குத்தான் இங்கேயே நில்லுங்கன்னு சொல்றேன். நம்மைப் பார்த்து இவன் பயந்து போயிட்டா, உள்ளே ஒரு குடும்பம் பட்டினி கிடக்கும்.”

யாரும் காலை எடுத்து வைக்கவில்லை. போட்டோ எடுக்க முன்னால் போன பாங்க் ஆபீசரே பின்வாங்கி வந்து நின்றார்.

அப்புறம் வழிகாட்டிக்கு மடை திறந்ததுபோல வந்தது பேச்சு. பாசியில் கூடு கட்டும் குருவி, மழைக்கு முன்னால் கத்தும் தவளை என்று அவர் சொல்லச் சொல்ல, எல்லாரும் நெருங்கி நெருங்கி நடந்தார்கள்.

விடுதிக்குத் திரும்பியதும் மேனேஜர் அவர் தோளைத் தட்டினார். “இனிமே காலை நடை உங்க பொறுப்பு.” சாப்பாட்டு அறையே கைதட்டியது.

பாங்க் ஆபீசர் வந்து கைகொடுத்தார். “பிரமாதம் சார். அந்தம்மாதான் ஒண்ணும் தெரியாம உங்க உயிரை வாங்கிட்டாங்க.”

வழிகாட்டி திரும்பிப் பார்த்தார். ஓரத்து மேஜையில் பெண்மணி டீ குடித்துக்கொண்டிருந்தார். கைதட்டல் தனக்கே கிடைத்ததுபோல முகம் பூரித்திருந்தது.

“தெரியாமலா? காலேஜ்ல பறவைப் பாடம் நடத்துறவங்க சார் அவங்க. நாலு பேர் முன்னால எனக்கு நாக்கு ஒட்டிக்கும், யாராவது கேட்டாத்தான் பேச்சு வரும். அது என் பொண்டாட்டிக்குத் தெரியாதா?”